‘மருந்து கேக்கல’ என்று சொன்ன பிறகு

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். 31 வருஷம் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஊர்களில் கம்பம் ஏறியவர். அதனால் 2018 ஆடியில் இடுப்பு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கம்பம் ஏறிய உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் அம்மாவும் சொன்னாள். எலும்பு டாக்டர் ஒருவர் 2 மாதம் வலி மாத்திரை கொடுத்தார். ராத்திரியில் 6 தடவை பாத்ரூம் போக ஆரம்பித்த பிறகுதான் இன்னொரு டாக்டர் ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். 4-க்குள் இருக்க வேண்டியது 212 இருந்தது. சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று வந்தது. எலும்பு ஸ்கேன் படத்தில் முதுகெலும்பு நெடுக, தீபாவளிக்கு முந்தின நாள் தெரு மாதிரி, அங்கங்கே கறுப்புப் புள்ளிகள்.

அதற்குப் பிறகு அப்பா 6 வருஷம் இருந்தார். அந்த 6 வருஷத்தில் 4 தடவை ‘மருந்து கேக்கல’ என்ற வார்த்தையைக் கேட்டோம். முதல் தடவை கேட்டபோது எல்லாம் முடிந்தது என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து அழுதேன். நாலாவது தடவை நான் அழவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது அப்பாதான்.

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன், அதாவது டெஸ்டோஸ்டிரோன். விரைகளை எடுத்துவிட்டால் கட்டி சுருங்குகிறது என்று 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்றைக்கும் முதல் சிகிச்சை அதே தத்துவம்தான். 3 மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு ஹார்மோனை நிறுத்தலாம், அல்லது ஒரேயடியாக அறுவை செய்துகொள்ளலாம். ஊசி விலையைக் கேட்டதும் அப்பா, “68 வயசுல அது இருந்து என்ன ஆகப்போகுது சார், அறுத்துருங்க” என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தார். அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஊசியா அறுவையா என்று முடிவெடுக்க ஒரு வாரம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பேச்சை வீட்டில் நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

இன்னொன்றும் செய்யவில்லை. நோய் எலும்புக்குப் பரவிய நிலையில் கண்டுபிடித்தால், ஹார்மோனை நிறுத்துவதோடு ஆரம்பத்திலேயே இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017-இலேயே பெரிய ஆய்வுகள் வந்துவிட்டன. எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: “இதுகூட இப்பவே வேற மருந்தும் சேக்கணுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால் ஏன் என்று அவர் சொல்லட்டும்.

அறுவைக்குப் பிறகு பிஎஸ்ஏ மளமளவென்று இறங்கி 1.1-க்கு வந்தது. வலி போனது. மார்கழிக் குளிரில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருப்பார். உடம்பெல்லாம் குப்பென்று சூடு ஏறி வேர்க்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருகிற அதே சூடு. “எனக்கு வந்தப்ப நடிக்கேன்னு சொன்னீகள்லா” என்று அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அப்பாவிடம் ஒரு பழைய லைன் டைரி உண்டு. எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எப்போது பழுது, எப்போது சரியானது என்று எழுதி வைத்த பழக்கம். அதில் மீதியிருந்த பக்கங்களில் பிஎஸ்ஏ எழுத ஆரம்பித்தார். இறங்கினால் நீல மை, ஏறினால் சிவப்பு. முதல் சிவப்பு 2020 மே மாதம், 2.4. ஆகஸ்டில் 4.9. அதே வாரம் வேறு லேபில் எடுத்தது 6.3 என்று வந்ததில் குழம்பிப்போனோம். லேபுக்கு லேப் கருவி மாறும், எண்ணும் மாறும். அதற்குப் பிறகு ஒரே லேபைப் பிடித்துக்கொண்டோம். நவம்பரில் 9.6.

“ஹார்மோனை நிறுத்தியும் கேக்கல. இனி வேற மருந்துக்குப் போகணும்” என்றார் மதுரையில் நாங்கள் பார்த்த புற்றுநோய் டாக்டரம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கேட்டார்: “மெயின் லைனைத்தான் வெட்டியாச்சே. அப்பறம் எங்கருந்து சப்ளை எடுக்குதுன்னு பாத்தீகளா?”

அந்தக் கேள்வி டாக்டருக்குப் பிடித்துவிட்டது. வெளியே 40 பேர் காத்திருந்தும் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். முதலில் மெயின் லைன் உண்மையிலேயே வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்பாவுக்கு 14. அறுவை செய்துகொண்டவருக்கு அது குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். வரிசையில் எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கு ஊரடங்கில் ஊசி 5 வாரம் தள்ளிப்போயிருந்தது. பிஎஸ்ஏ ஏறிவிட்டது என்று வீடே கலங்கி வந்திருந்தார்கள். பார்த்தால் ஹார்மோன்தான் ஏறியிருந்தது. ஊசி போட்டார்கள், இறங்கிவிட்டது.

அப்பாவுக்கு அப்படி இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பி கொஞ்சம் ஆண் ஹார்மோன் தயாரிக்கிறது. போதாததற்குக் கட்டியே தனக்குள் தயாரித்துக்கொள்கிறது. “வீட்டுக்குள்ளயே ஜெனரேட்டர்” என்றார் அப்பா. ஹார்மோனைப் பிடிக்கிற ஏற்பிகளையும் கட்டி பல மடங்கு பெருக்கிக்கொள்ளும், அதனால் துளி ஹார்மோனே அதற்குப் போதும் என்றார் டாக்டர். “லோ வோல்டேஜ்லயும் எரியிற பல்பு.” டாக்டர் சிரித்துவிட்டார். “இனிமே நான் எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லப்போறேன் ஐயா.”

ஜெனரேட்டரை நிறுத்துகிற மருந்துதான் அபிரட்டரோன். லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கே உள்நாட்டுக் கம்பெனிகளே தயாரிப்பதால் எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டியது. 250 மில்லிகிராம் மாத்திரை நாலு, தினமும் வெறும் வயிற்றில். கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 5 மில்லிகிராம், இரண்டு வேளை.

இங்கேதான் நாங்கள் வழுக்கி விழுந்தோம். மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தந்த கவரில் ‘உணவுக்குப் பின்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். எல்லா மாத்திரைக்கும் கை பழக்கத்தில் அடிக்கிற டிக். அப்பாவுக்கு டாக்டர் சொன்னதைவிடக் கவரில் இருந்தது வேதம். 6 இட்லியும் வடையும் முடித்துவிட்டு நாலு மாத்திரையை வாயில் போடுவார். பக்கத்து வீட்டு மாமா ‘ஸ்டீராய்டு எலும்பைத் தின்றுவிடும்’ என்று பயமுறுத்தியதில் பிரெட்னிசலோனைச் சத்தமில்லாமல் நிறுத்தியிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. 2021 பொங்கலன்று செருப்பு காலில் நுழையவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பிரஷர் 180. ரத்தத்தில் பொட்டாசியம் 2.8-க்கு இறங்கியிருந்தது.

சாப்பாட்டோடு, அதுவும் எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டோடு போட்டால் இந்த மருந்து ரத்தத்தில் 10 மடங்கு வரை கூடுதலாக ஏறும். மருந்தின் கோளாறால் அட்ரீனலில் தேங்குகிற வேறொரு ஹார்மோன் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அதைத் தடுக்கத்தான் கூடவே அந்தச் சின்ன ஸ்டீராய்டு. இரண்டு தப்பும் ஒரே வீட்டில் சேர்ந்து நடந்தது. 4 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினோம்.

அதில் ஒரு நல்லதும் விளைந்தது. இந்தச் சாப்பாட்டு விஷயத்தை வைத்தே சிகாகோ பல்கலைக்கழக டாக்டர்கள் தலைமையில் 72 பேரிடம் ஒரு சின்ன ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் நாலு மாத்திரை ஒரு பக்கம், கொழுப்பு குறைந்த காலைச் சாப்பாட்டோடு ஒரே மாத்திரை இன்னொரு பக்கம். பிஎஸ்ஏ இறங்கியதில் ஒரு மாத்திரை பின்தங்கவில்லை. பெரிய ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, எங்கள் செலவையும் அப்பாவின் பழக்கத்தையும் பார்த்து டாக்டர் அந்த முறைக்கு மாற்றினார். மருந்துச் செலவு கால்வாசி ஆனது. இட்லி, இடியாப்பம் சரி. வடையும் நெய்ப் பொங்கலும் கூடாது. “நெய் இல்லாம என்னத்தப் பொங்கல்” என்று முணுமுணுத்தபடி ஒன்றரை வருஷம் சாப்பிட்டார். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையைக் குறைத்துவிட வேண்டாம். எங்கள் டாக்டர் மாதாமாதம் பிரஷரும் பொட்டாசியமும் ஈரல் சோதனையும் பார்த்துக்கொண்டுதான் அதைச் செய்தார்.

மருந்துக்கவரை நான் அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுவேன். டாக்டர் சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்னாலும் மார்க்கர் பேனாவால் நானே எழுதிவிடுவேன். சித்தப்பா வாங்கி வந்த முள் சீத்தாப் பொடியையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஈரலை ஏற்கனவே கவனித்துக்கொண்டிருக்கிறோம், இதையும் சேர்த்தால் எதனால் எது என்று தெரியாமல் போகும் என்றார். சித்தப்பாவுக்கு வருத்தம்தான்.

2022 ஆகஸ்டில் மறுபடி சிவப்பு மை. இந்தத் தடவை நான் கேட்டேன், எங்கிருந்து சப்ளை என்று. ஏற்பியிலேயே ஒரு திரிந்த வகை உண்டு, ஏஆர்-வி7 என்று பெயர். ஹார்மோன் வந்து உட்காருகிற முனையே அதில் கிடையாது. ஹார்மோன் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இது உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் கேட்பதில்லை என்று 2014-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு காட்டியது. அப்பாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “சுவிட்ச் இல்லாம டைரக்டாக் குடுத்துட்டான்.” தம்பி இணையத்தில் படித்துவிட்டு என்சலுட்டமைடு என்ற மாத்திரையைப் பற்றிக் கேட்டான். அதுவும் அதே வழியைத்தான் அடைக்கிறது, ஒன்று கேட்காமல் போனால் மற்றது பெரும்பாலும் நீண்ட நாள் கேட்காது என்றார் டாக்டர். அப்படியானால் அந்த ஏஆர்-வி7 சோதனை செய்யலாமா என்றான். “முடிவு எப்படி வந்தாலும் அடுத்து கீமோதான் குடுக்கப்போறேன். அப்ப எதுக்கு அந்தக் காசு?” என்றார். சோதனை முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா என்ற கேள்வி எங்களுக்கு அதற்குப் பிறகு பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியது.

கீமோ 6 தடவை, டோசிடாக்செல், 3 வாரத்துக்கு ஒன்று. நகம் கறுத்தது, நாக்கில் ருசி போனது, ரசம் மட்டும் இறங்கியது. காய்ச்சல் 100.4 தாண்டினால் ராத்திரி என்றும் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை ராத்திரி 2 மணிக்கு ஓடினோம், வெள்ளை அணு சரிந்திருந்தது. முதல் கீமோவுக்குப் பிறகு பிஎஸ்ஏ ஏறியதைப் பார்த்துப் பதறினோம். ஆரம்ப 12 வாரத்து ஏற்றத்தை மட்டும் வைத்து மருந்தை மாற்றுவதில்லை என்றார் டாக்டர். மூன்றாவது தடவைக்குப் பிறகு இறங்கியது. பிறகு அதுவும் கேட்காமல் போனது, மூன்றாவது தடவை. கீமோவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சிகிச்சையை மாற்றக்கூடிய சோதனை என்று டாக்டர் சொன்னது மரபணுச் சோதனையை. மதுரையிலிருந்து முதல் ஆஸ்பத்திரிக்குப் போய், 2018 பயாப்ஸியில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை எழுதிக் கேட்டு வாங்கி வந்தேன். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது, அதற்கு 3 நாள் அலைச்சல். லேபில் அதில் டிஎன்ஏ போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எலும்பிலிருந்து எடுத்த சதையாக இருந்தால் அதை மென்மையாக்க ஊற்றும் அமிலமே டிஎன்ஏவைக் கெடுத்துவிடும், பழசானாலும் சிதையும் என்று அங்கேதான் தெரிந்தது. கடைசியில் ரத்தத்தில் பார்த்தார்கள். பிஆர்சிஏ2 மரபணுவில் பழுது. பிறவியிலேயே வந்தது.

இதற்கென்றே உள்ள மருந்து ஒலாபரிப். 2020 மே மாதம் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. வேலை செய்யும் விதத்தை அப்பாவுக்கு நானே சொன்னேன். மின்வாரியத்தில் ஒயர் உரிந்தால் ஒட்டுப்போட ஒரு கேங், லைனே அறுந்து விழுந்தால் இழுத்துக் கட்ட இன்னொரு பெரிய கேங். செல்லுக்குள் டிஎன்ஏவுக்கும் அப்படித்தான். பிஆர்சிஏ2 அந்தப் பெரிய கேங்கைச் சேர்ந்தது. அது பழுதானதால் அப்பாவின் கட்டியில் பெரிய கேங் வேலைக்கே வருவதில்லை. மருந்து ஒட்டுப்போடுகிற கேங்குக்கும் லீவு கொடுத்துவிடுகிறது. சின்னச் சின்ன உரிசல் எல்லாம் அறுந்த லைனாகிக் கட்டிச் செல் சாகிறது. மற்ற செல்களில் ஒரு நல்ல நகல் இருப்பதால் தப்பிக்கின்றன. “அப்ப மத்த எடத்துல கரண்ட் கட்டு இல்லையா?” என்றார். இருந்தது. 3 மாதத்தில் ஹீமோகுளோபின் 7.4. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, மாத்திரையை 300-லிருந்து 250 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் இல்லாவிட்டால் அந்த மருந்தை எங்களால் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. அதற்கான விண்ணப்பத்தை டாக்டரின் உதவியாளர்தான் தந்தார், நாங்களாகக் கேட்ட பிறகு.

14 மாதம் கேட்டது. அந்த 14 மாதத்தில்தான் பேத்தி சடங்குக்குப் பந்தலில் நின்று வயர்மேனைத் திட்டி, சீரியல் பல்பைத் தானே ஏணி போட்டு ஏறி மாட்டினார்.

2024 மே மாதம் கேட்காமல் போனது. கட்டிச் செல்களில் சில, பழுதான பிஆர்சிஏ மரபணுவையே மறுபடி ஓடுகிற மாதிரி மாற்றிக்கொள்ளும். 2008-லேயே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “பெரிய கேங்க திருப்பி வேலைக்கு வச்சுட்டானா? கெட்டிக்காரன்தான்” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. இனி கீமோ வேண்டாம், வலிக்கு மட்டும் பாருங்கள் என்று அவரே சொன்னார். மார்ஃபின் மாத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதை நாங்கள் இன்னும் ஒரு மாதம் முன்னாலேயே புரிந்துகொண்டிருந்தால் அந்த ஒரு மாதம் அவர் உட்கார்ந்தே தூங்கியிருக்க வேண்டாம். ஐப்பசியில் போனார்.

அப்பாவுக்குப் பிறவியில் வந்த பழுது என்றால் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா மூலமாக மகளுக்கும் வரும். இதை எழுதக் காரணமே இதுதான். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, 38 வயதில் ‘கட்டி வந்து’ செத்துப்போனாள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கே கட்டி என்று யாரும் சொன்னதில்லை. மார்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வாயில் வராது. ‘குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா’ என்று டாக்டர்கள் கேட்டபோதெல்லாம், புராஸ்டேட்டை நினைத்துக்கொண்டு இல்லை என்றோம். அத்தையைச் சொல்லியிருந்தால் 2018-லேயே மரபணுச் சோதனை நடந்திருக்கும்.

நான் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. இந்தப் பழுது உள்ள பெண்களில் 100-க்கு 69 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது, 17 பேருக்குச் சினைப்பையில் வருகிறது என்று 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. மரபணு ஆலோசகர் என்னை அவசரப்படுத்தவில்லை. எனக்கு 44 வயது, இரண்டு பிள்ளைகள். போன ஆவணியில் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிட்டேன். மார்புக்கு வருஷத்துக்கு ஒரு எம்ஆர்ஐயும் ஒரு மேமோகிராமும். இப்போது எனக்கும் குப்பென்று சூடு ஏறுகிறது. ஃபேனுக்கு நேராகப் போய் உட்காருகிறேன். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, மோர் கொண்டுவந்து வைக்கிறாள்.

அப்பாவின் லைன் டைரியில் கடைசி 20 பக்கம் மீதி இருந்தது. அதில் என் ஸ்கேன் தேதிகளை எழுதுகிறேன், இதுவரை நீல மைதான். தம்பி இன்னும் ரத்தம் கொடுக்கப் போகவில்லை. ஆம்பளைக்கு என்ன அவசரம், பொங்கல் முடியட்டும் என்கிறான். போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னான்.